பசித்த வேருக்குத்தான் பூஞ்சை வரும்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஆறு வருடமாகச் செடி வளர்க்கிறேன். முப்பது பைகள், பாதியாக அறுத்த நீல ட்ரம் நாலு. காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடல்காற்று, உப்புக் கரிக்கும் போர் தண்ணீர், சித்திரையில் கால் வைக்க முடியாமல் கொதிக்கும் தளம், இதையெல்லாம் தாண்டித்தான் இங்கே ஒரு கத்தரிச்செடி காய்க்க வேண்டும். அதனால் வேருக்குப் பலம் கொடுக்கும் பூஞ்சை ஒன்று இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மாதவரம் பக்கம் ஒரு நர்சரியில் போய் ஒரு கிலோ வாங்கி வந்துவிட்டேன். அந்த ஒரு கிலோவும் வீண். ஏன் வீணானது என்று புரிய ஒன்றரை வருடம் ஆனது. நீங்களும் அதே மாதிரி பணத்தைத் தொலைக்கக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கடையில் ‘வேம்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். வெசிகுலர் ஆர்பஸ்குலர் மைக்கோரைசா என்பதன் சுருக்கம் அது. தமிழில் வேர் உட்பூசணம் என்பார்கள், எனக்கு இந்தப் பெயர்தான் பிடிக்கும், ஏனென்றால் விஷயம் பெயரிலேயே இருக்கிறது. இந்தப் பூஞ்சை வேரின் உள்ளே புகுந்து, செல்லுக்குள் குட்டி மரம் மாதிரி கிளைவிட்டு உட்கார்ந்துகொள்ளும். இன்னொரு பக்கம் அதன் இழைகள் மண்ணுக்குள் வெகுதூரம் ஓடும். மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், மண்ணில் எளிதில் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டருக்குள் இருப்பதை உறிஞ்சித் தீர்த்துவிட்டால் அப்புறம் அங்கே ஒன்றும் இருக்காது, பக்கத்திலேயே சத்து கிடந்தாலும் வேருக்கு வந்து சேராது. பூஞ்சை இழை அந்தக் காலி இடத்தைத் தாண்டிப் போய் மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் எடுத்து வந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி, இலையில் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைத் தரும். இது நேற்று வந்த ஏற்பாடு இல்லை. ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரின் பாறைகளில் ஏறக்குறைய 40 கோடி ஆண்டுக்கு முந்தைய செடிகளின் புதைபடிவம் கிடைத்திருக்கிறது, அவற்றுக்குள்ளும் இதே மாதிரி பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு வேர் என்று சொல்லும்படியான உறுப்பே அப்போது கிடையாது. அதைப் படித்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை எனக்கு.

சரி, நான் செய்தது என்ன? பாக்கெட்டில் பாதியை மண்புழு உரத்தோடு கலந்து, ஈரச்சாக்கு போட்டு மூடி, ஒரு மாதம் பெருகட்டும் என்று நிழலில் வைத்தேன். வேரழுகலைத் தடுக்கப் போடும் ட்ரைக்கோடெர்மா என்ற இன்னொரு பூஞ்சைக்கு அப்படிச் செய்து பழக்கம். மீதிப் பாதியை அரைக்கீரை, முளைக்கீரை, முள்ளங்கிப் பைகளின் மேல்மண்ணில் தூவித் தண்ணீர் விட்டேன். மூன்று வாரம் கழித்து எதிர்வீட்டு அக்கா துணி காயப்போட வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “என்னம்மா, மருந்து போட்டேன்னு சொன்ன, கீரை போன மாசம் மாதிரியேதான் இருக்கு” என்றார். அவர் சொன்னது சரிதான்.

கீரையில் தொடங்குகிறேன், ஏனென்றால் மாடித்தோட்டம் என்றாலே முதலில் எல்லோரும் போடுவது கீரைதான். நிலத்தில் வளரும் செடி இனங்களில் பெரும்பாலானவை ஏதாவது ஒரு வேர்ப்பூஞ்சையோடு கூட்டு வைப்பவை. ஆனால் சில குடும்பங்கள் பொதுவாகச் சேராது. கடுகுக் குடும்பம் முக்கியமானது, அதில்தான் முள்ளங்கி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாம் வருகின்றன. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பாலக், பீட்ரூட் இவையெல்லாம் இன்னொரு குடும்பம், அதுவும் பெரும்பாலும் அப்படித்தான். ஆக நான் தேடிப்பிடித்து, இதற்கு ஒத்தே வராத செடிகளுக்குப் போட்டிருக்கிறேன். வெங்காயம், மிளகாய், தக்காளி, கத்தரி, வெண்டை, அவரை, வெந்தயம், கொத்தமல்லி, கொடியில் வரும் பாகல், புடலை, மரத்தில் முருங்கை, எலுமிச்சை, வாழை, இவற்றுக்குப் போடலாம். வெங்காயத்துக்கு ரொம்பவே பொருந்தும், அதன் வேரில் கிளையும் குறைவு, ரோமமும் குறைவு, அதனால் பூஞ்சையை அதிகம் நம்பியிருக்கும் பயிர்.

அந்த ஈரச்சாக்குக் கதை அதைவிடப் பெரிய தவறு. ட்ரைக்கோடெர்மா மட்கும் குப்பையைத் தின்று பெருகும். வேம் அப்படி இல்லை. உயிருள்ள வேர் கிடைக்காவிட்டால் பெருகாது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைக்கூடத் தானே செய்துகொள்ள முடியாமல் செடியிடமிருந்து வாங்குகிறது என்று 2017-ல் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட உயிரை உரக்குவியலில் ஒரு மாதம் போட்டு வைத்தால் என்ன ஆகும்? மேல்மண்ணில் தூவியதும் அதே கதைதான். வித்து, அதாவது பாக்கெட்டில் வரும் அந்தப் பூஞ்சைத் தூள், வேரைத் தொட வேண்டும். விதை போடும்போது விதைக்குக் கீழே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில், நாற்று நடும்போது குழிக்குள் வேர் படும் இடத்தில் போட வேண்டும். பைக்கு 5 முதல் 10 கிராம், நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம் என்பது நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி, அவ்வளவுதான்.

இதையெல்லாம் திருத்திக்கொண்டு அடுத்த ஆடியில் மிளகாய்க்குப் போட்டேன். அப்போதும் ஒன்றும் தெரியவில்லை! இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே பாடம் கிடைத்தது.

எங்கள் பக்கம் மீனுக்குப் பஞ்சமில்லை. மாடியில் செடி வைத்திருப்பவர்கள் பலரும் மீன் கழிவும் வெல்லமும் போட்டு மீன் அமிலம் தயாரிப்போம், காய்ந்த மீன் முள்ளை இடித்தும் போடுவோம். நான் அதற்கு மேல் பைக்குப் பை எலும்புத்தூளும் கலந்து வைத்திருந்தேன். முள்ளிலும் எலும்பிலும் இருப்பது மணிச்சத்துதான், அதைப் போய் இப்படி அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறேன். மணிச்சத்து போதாத வேர் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடும். அதை உணர்ந்துதான் பூஞ்சை இழை கிளைத்து வேரை நோக்கி வரும் என்று 2005-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். (சோளக்காட்டில் ஒட்டுண்ணியாக வரும் சுடுமல்லியும் இதே வாசனை பிடித்துத்தான் முளைக்கிறது, பாவம் சோளம்.) வயிறு நிரம்பிய வேர் கூப்பிடுவதில்லை, வந்த பூஞ்சையையும் பெரிதாக உள்ளே விடுவதில்லை. டிஏபி, சூப்பர் பாஸ்பேட் மாதிரி மணிச்சத்து உரங்களைத் தாராளமாகப் போடும் நிலத்திலும் இதுதான் நடக்கும். கார்பெண்டசிம் மாதிரி பூஞ்சைக்கொல்லியை வேரில் ஊற்றினாலும் வேம் அடிபடும், அது நல்ல பூஞ்சை கெட்ட பூஞ்சை பார்க்காது.

அதற்கடுத்த தை மாதம் எட்டுப் பைகளை ஒதுக்கினேன். தேங்காய் நார்க்கழிவு, செம்மண், கொஞ்சம் மண்புழு உரம். எலும்புத்தூள் கிடையாது, மீன் முள் கிடையாது. எட்டிலும் ஒரே நாற்றங்கால் மிளகாய், நாலில் மட்டும் வேம். முதல் மாதம் வித்தியாசமே இல்லை, சொல்லப்போனால் வேம் போட்ட ஒரு செடி கொஞ்சம் பின்தங்கியது. பங்குனி வெயிலில்தான் தெரிந்தது. மதியம் இரண்டு மணிக்கு ஏறிப் பார்த்தால் போடாத நாலும் இலை தொங்கி நிற்கும், போட்ட நாலில் மூன்று நிமிர்ந்திருக்கும். லாரி தண்ணீர் வராத வாரங்களில் உப்புத் தண்ணீரே ஊற்றினேன், அப்போதும் இலை நுனி கருகியது போடாத பைகளில்தான் அதிகம். எட்டுப் பையை வைத்து நான் சட்டம் எழுத முடியாது. ஆனால் வறட்சியையும் உப்பையும் தாங்க வேம் உதவுகிறது என்று ஆய்வுகள் சொல்வதை என் மாடியில் கண்ணால் பார்த்தேன்.

கண்ணால் பார்த்தது இன்னொன்றும் உண்டு. அக்கா மகள் தாவரவியல் படிக்கிறாள். வேர்த்துண்டுகளைக் கல்லூரி ஆய்வகத்துக்கு எடுத்துப் போனாள். பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் வேகவைத்து நிறம் போக்கி, வினிகரில் கலந்த கறுப்புப் பேனா மையில் சாயமேற்றினாள். பேனா மையும் வினிகரும் போதும் என்று 1998-ல் வெளிவந்த முறை அது. (வீட்டில் முயல வேண்டாம், அந்தக் காரம் கையைப் பொசுக்கிவிடும்.) செல்போனில் படம் அனுப்பினாள். வேரின் உள்ளே நீளநீளமாக இழைகள், நடுநடுவே உருண்டைப் பைகள். போடாத பையின் வேரில் ஒன்றுமே இல்லை. அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன்.

போடாத பையில் ஏன் இல்லை என்பதையும் யோசிக்க வேண்டும். பொன்னேரியில் என் மாமாவுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அங்கே மண்ணிலேயே இந்தப் பூஞ்சைகள் இருக்கும், உழவையும் உரத்தையும் குறைத்தாலே அவை தேறிவிடும், அவரை நான் பாக்கெட் வாங்கச் சொல்ல மாட்டேன். நம் மாடியில் இருப்பது பெரும்பாலும் நார்க்கழிவு. அதில் வித்து அநேகமாக இருக்காது, நாம்தான் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அதே சமயம் பை சின்னது, வேரே அதை நிறைத்துவிடும், இழை ஓடிப்போய்த் தேட அதிக இடமில்லை. அதனால் வயலில் கிடைக்கும் அளவு பலனை மாடியில் எதிர்பார்க்கக்கூடாது.

ஒருமுறை வாங்கினால் போதும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அறுவடை முடிந்ததும் பையைக் கவிழ்த்து மண்ணைக் காயப்போடாமல், தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை உள்ளேயே விட்டு அடுத்த செடியை நடுகிறேன். நோய் வந்த செடி என்றால் மட்டும் வேரோடு எடுத்துவிடுவேன். நீல ட்ரம் ஒன்றில் வெர்மிகுலைட் என்ற லேசான கனிமத் துகளை நிரப்பி, வேம் தூவி, மேலே மக்காச்சோளம் போட்டிருக்கிறேன். அறுபது நாள் வளர்ந்ததும் தண்ணீரை நிறுத்திக் காயவிட்டு, தண்டை வெட்டிப் போட்டு, வேரைப் பொடிப்பொடியாக நறுக்கி அதே வெர்மிகுலைட்டில் கலந்தால் அதுதான் அடுத்த பருவத்து வித்து. வைகாசி தொடக்கத்தில் போட்டது, ஆனி கடைசியில் தண்ணீர் நிறுத்த வேண்டும், ஆடிப்பட்டத்துக்குச் சரியாக இருக்கும். எதிர்வீட்டு அக்கா தன் கத்தரிக்கு அரைக்கிலோ வேண்டும் என்று இப்போதே டப்பா கொடுத்து வைத்திருக்கிறார். எலும்புத்தூளை நிறுத்தினால்தான் தருவேன் என்று சொல்லியிருக்கிறேன்.