குட்டி வந்துவிட்டது, அதன் எண் வரவில்லை

பதிவு அலுவலக கவுன்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "இந்த நாய் ஏற்கெனவே வேற ஒருத்தர் பேர்ல இருக்கே சார்" என்றார். நாய் திருடனைப் பார்க்கிற பார்வை அது. அந்த நேரத்தில் வீட்டில் என் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்த குட்டி எப்படி வேறொருவர் பேரில் இருக்க முடியும் என்று அவரிடம் கேட்டேன். "அதை நீங்கதான் சொல்லணும்" என்றார்.

அந்த அலுவலகத்துக்கு அது என் இரண்டாவது நடை. கடைசியில் மூன்று நடை ஆனது. வீட்டில் வைத்து நாய் வளர்த்து, அக்கறையோடு குட்டி கொடுக்கிற ஓர் அம்மாவிடம் வாங்கினால் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று நம்பியவன் நான். பெரும்பாலும் ஒழுங்காகத்தான் நடந்தது. மீதியைத்தான் இங்கே கொட்டப்போகிறேன்.

முதலில் என் முட்டாள்தனம். கறுப்பு லாப்ரடார் வேண்டும் என்று முடிவு செய்து அந்த அம்மாவிடம் பேசி, காத்திருப்போர் பட்டியலில் பெயரும் கொடுத்துவிட்டேன். தாய் நாய்க்குச் சினை பிடித்து, ஏறக்குறைய 63 நாள் கழித்து ஈன்று, அதன் பிறகு 8 வாரம். நடுவில் பொறுமை போய்விட்டது. ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. "8 வாரக் குட்டி, தடுப்பூசி போட்டாச்சு, இன்றே எடுத்துச் செல்லலாம்." சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மனைவியையும் அழைத்துக்கொண்டு ஒரு காலையில் போனேன். சும்மா பார்க்கப் போகிறவன் பையில் முன்பணம் எடுத்துக்கொண்டா போவான் என்று அவள் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வீட்டுக்குள் விடவில்லை. வாசலிலேயே ஓர் அட்டைப் பெட்டியில் குட்டியைக் கொண்டுவந்து காட்டினார்கள். தாய் எங்கே என்றால் "சொந்தக்காரங்க வீட்டுல இருக்கு". அப்பன் எங்கே என்றால் "அது பெரிய இடத்து நாய்". தடுப்பூசி அட்டையில் பேனாவால் எழுதிய ஒரு தேதி மட்டும். மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டுகிற, தொகுதி எண் போட்ட ஸ்டிக்கர் இல்லை, டாக்டர் கையெழுத்தும் இல்லை. இன்றைக்கு எட்டு வாரம் என்பது உண்மையானால், அந்தத் தேதியில் குட்டிக்கு மூன்றரை வாரம்தான் ஆகியிருக்க வேண்டும். பொதுவாக முதல் ஊசியை ஆறிலிருந்து எட்டு வாரத்தில்தான் போடுவார்கள். நான் குட்டியின் கண்ணைப் பார்த்து உருகிக்கொண்டிருக்க, மனைவி அதன் உதட்டை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். முன்பற்கள் அரிசி நுனிபோல எட்டிப் பார்த்தன. பின்னால் வெறும் ஈறு. பால்பற்கள் மொத்தம் 28. எட்டு வாரத்துக்குள் அநேகமாக எல்லாமே வந்திருக்கும். இதற்கு ஐந்து வாரம் இருந்தாலே அதிகம். முன்பணம் பையிலேயே திரும்பியது. அந்தக் குட்டி என்ன ஆனதோ, இன்றைக்கும் நினைத்தால் ஒருமாதிரி இருக்கிறது. ஆனால் பாவம் பார்த்து வாங்கினால் அடுத்த பெட்டியில் அடுத்த ஈத்து வந்து நிற்கும், அவ்வளவுதான்.

அன்று மதியமே அந்த அம்மா வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார். ஐந்து வாரமான குட்டிகளை முதல்முறையாகக் காட்டுவதாக ஏற்பாடு. நேராக அங்கே போய், காலையில் நடந்த கூத்தை வாசலிலேயே சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தேன். அவர் முகம் மாறிவிட்டது.

"அந்தக் குட்டியைத் தொட்டீங்களா?"

"ஆமாம்மா, தூக்கிக்கூட..."

"இதே செருப்பா? இதே துணியா?"

கேட் திறக்கவில்லை. "கோவிச்சுக்காதீங்க தம்பி, இன்னொரு நாள் வாங்க. குளிச்சு, வேற துணி, வேற செருப்பு போட்டுக்கிட்டு, வேற எங்கேயும் நாய் பார்க்காம நேரா வாங்க." அவ்வளவுதான். உள்ளே குட்டிகள் கீச்சிடுவது காதில் விழுகிறது, நாங்கள் தெருவில் நிற்கிறோம். போன தூரமெல்லாம் வீண். திரும்பி வரும்போது நான் அவரைத் திட்டாத திட்டில்லை. குட்டி விற்கிறாரா, கோட்டை காக்கிறாரா என்று.

பிறகு எங்கள் கால்நடை மருத்துவரிடம் புலம்பியபோது அவர் அந்த அம்மா பக்கம்தான் பேசினார். நாய்க்குட்டிகளைக் கொல்கிற பார்வோ வைரஸ் செருப்பிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். சாதாரண சோப்புக்கெல்லாம் மசியாது, பிளீச்சிங் கரைசல் மாதிரி ஏதாவது வேண்டும். ஐந்து வாரக் குட்டிக்குத் தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறையத் தொடங்கியிருக்கும், சொந்த எதிர்ப்புச் சக்தி இன்னும் வந்திருக்காது. ஒரு செருப்புத் தடம் போதும், மொத்த ஈத்தும் போய்விடும். ஆக, ஒரே நாளில் இரண்டு இடத்தில் குட்டி பார்க்காதீர்கள். பார்த்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நான் சொல்லாமல் உள்ளே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை யோசிக்கக்கூடப் பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் அந்த அம்மா உள்ளே விட்டார். உள்ளே போனதும் கையில் சானிட்டைசர், காலுக்கு அவர் வீட்டுச் செருப்பு. தாய் நாய் வந்து மோந்து பார்த்துவிட்டு, வாயில் ஒரு பழைய துண்டைக் கவ்விக்கொண்டு வந்து என் மடியில் போட்டது. அந்தத் துண்டைப் பார்த்ததுமே பாதிக் கோபம் போய்விட்டது. குட்டிகள் வளர்ந்தது வீட்டுக் கூடத்தில். குக்கர் விசில் அடித்தது, ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. இரண்டு தலை தூக்கிப் பார்த்தன, மற்றவை தூக்கத்தைத் தொடர்ந்தன. மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய 12 வாரம்வரை பார்க்கிற, கேட்கிற விஷயங்களைத்தான் நாய் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளும் என்பார்கள். கூண்டிலேயே கிடந்த குட்டிக்கு அந்தக் காலம் கூண்டிலேயே போய்விடும்.

கேள்வி கேட்க நான் ஒரு பட்டியல் வைத்திருந்தேன். அவரிடம் இருந்த பட்டியல் அதைவிட நீளம். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வாடகை வீடா, வீட்டுக்காரர் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், இதற்கு முன் வளர்த்த நாய் எப்படிச் செத்தது. கடைசிக் கேள்விக்கு நான் கொஞ்சம் தடுமாறினேன். அவர் விடவில்லை, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

ஒரு தேவையில்லாத பயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாய், தகப்பன் இரண்டின் மருத்துவ அறிக்கைகளையும் கோப்பு போட்டு வைத்திருந்தார். இரண்டு வயது தாண்டிய பிறகு எடுத்த இடுப்பு மூட்டு, முழங்கை எக்ஸ்ரே, கண் பரிசோதனை, மரபணுச் சோதனை எல்லாம் இருந்தது. தாயின் தாளில் பிஆர்ஏ என்ற கண் நோய்க்கு நேராக "கேரியர்" (அந்தக் கோளாறைச் சுமப்பது) என்று அச்சாகியிருந்ததைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அந்த அம்மா அலட்டிக்கொள்ளாமல் தகப்பனின் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதில் "கிளியர்", அதாவது கோளாறு இல்லை. அந்தக் கோளாறு இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தால்தான் குட்டிக்கு அந்த நோய் வரும். ஒரு பக்கம் சுத்தமாக இருந்தால் சில குட்டிகள் கேரியராக இருக்கலாம், ஆனால் அதனால் எதற்கும் கண் போகாது. தாளைத் தனியாகப் படித்துப் பயப்படாதீர்கள், ஜோடியாக வைத்துப் படியுங்கள். "எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று வாயால் மட்டும் சொல்பவர்களிடம்தான் நிஜமாகவே பயப்பட வேண்டும்.

குட்டியை நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, அவர்தான் தேர்ந்தெடுத்தார். ஓடிவந்து என் காலில் விழுந்த பச்சைக் கயிறுக்காரியைக் கேட்டேன். "அது உங்களை ஒரே வாரத்துல ஓட விட்டுடும், மஞ்சக் கயிறை எடுத்துக்கோங்க" என்றார். எல்லாம் ஒரே கறுப்பு என்பதால் கழுத்தில் கட்டிய நூல் கயிறுதான் அடையாளம். இந்தக் கயிறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து, வளர்க்க முடியாமல் போனால் எந்த வயதிலும் அவரிடமே திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனை, ஒரு வாரத்துக்கான அதே உணவு, தாயின் வாசனை ஏறிய ஒரு துணி. எட்டு வாரம் மூன்று நாளில் குட்டி வீட்டுக்கு வந்தாள். முதல் இரவு அழுதாள், மூன்றாம் இரவு நிறுத்திவிட்டாள்.

இனிமேல்தான் அலுவலகக் கதை. அடையாள எண்ணோடு தோலுக்கடியில் வைக்கிற மைக்ரோசிப்பை அந்த அம்மா ஏழு வாரத்திலேயே போடச் செய்து, தன் பேரில் பதிந்திருந்தார். அதை என் பேருக்கு மாற்ற வேண்டும், அவ்வளவுதான். முதல் நடையில் விற்பனைத் தாள், அடையாள அட்டை எல்லாம் கொடுத்தேன். டாக்டர் ஸ்கேன் செய்து எண்ணை எழுதி முத்திரையிட்ட தாள் இல்லை என்று திருப்பி அனுப்பினார் அந்த ஊழியர். படிவத்தில் அப்படி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பொடி எழுத்தில் இருந்தது. சரி.

டாக்டரிடம் போனால், தோள்பட்டைகளுக்கு நடுவே ஸ்கேனரை வைத்தபோது ஒன்றுமே வரவில்லை. "சிப்பே இல்லையோ?" என்றாள் உதவியாளர் பெண். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டர் பொறுமையாக வளைத்து வளைத்து, முதுகிலிருந்து இரண்டு தோள் பக்கமும் ஸ்கேனரை மெதுவாக நகர்த்தினார். இடது தோளுக்குக் கீழே பீப் என்றது. அரிசியளவு சாமான், தோலுக்கடியில் கொஞ்சம் நகர்ந்திருந்தது. 15 இலக்க எண்ணை அவர் எழுதிக் கொடுத்தார், நான் வாங்கிப் பைக்குள் வைத்தேன். விற்பனைத் தாளோடு ஒத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த அரை நிமிடச் சோம்பல்தான் அடுத்த பதினொரு நாளைத் தின்றது.

இரண்டாவது நடையில், முதலில் சொன்ன காட்சி. விற்பனைத் தாளில் ஓர் எண், டாக்டர் தாளில் வேறோர் எண். கடைசி இரண்டு இலக்கம் மட்டும்தான் வித்தியாசம். டாக்டர் தாளில் இருந்த எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்தால், அது நான்கு நாளுக்கு முன்பே வேறொரு குடும்பத்தின் பேருக்கு மாறியிருக்கிறது. அவர்கள் தாளை வேறொரு ஊழியர் ஸ்கேன் சான்று கேட்காமலேயே வாங்கிவிட்டார் போலிருக்கிறது. பின்பக்கப் பொடி எழுத்து எனக்கு மட்டும்தானா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அவரிடம்தானே மறுபடி வந்து நிற்க வேண்டும்.

வெளியே வந்ததும் அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். இரண்டு விநாடி சத்தமே இல்லை. அப்புறம், "ஐயோ தம்பி, பச்சைக் கயிறு!" என்றார். சிப் போட்ட அன்று இரண்டு சகோதரிகளையும் அடுத்தடுத்து மேஜையில் ஏற்றியிருக்கிறார்கள். ஊசி உறையோடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களைக் குட்டிகளின் கோப்பில் ஒட்டியபோது மஞ்சளுடையது பச்சைக்கும், பச்சையுடையது மஞ்சளுக்கும் போய்விட்டது. தப்பு தன்னுடையதுதான் என்று உடனே ஒப்புக்கொண்டார், எந்தச் சப்பைக்கட்டும் இல்லை. அன்று மாலையே அந்தக் குடும்பத்திடம் பேசி, அவர்கள் குட்டியையும் ஸ்கேன் செய்ய வைத்தார். அந்த எண் என் விற்பனைத் தாளில் இருந்த எண்ணேதான். ஒருவேளை என் குட்டி தொலைந்து யாராவது ஸ்கேன் செய்திருந்தால், போன் அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கும். தங்கள் நாய் காலடியில் படுத்திருக்க, "உங்க நாய் கிடைச்சிருக்கு" என்று யாரோ சொல்வதைக் கேட்டிருப்பார்கள்.

மூன்றாவது நடைக்கு அந்த அம்மா திருத்தக் கடிதத்தோடு நேரில் வந்தார், பச்சைக் கயிறு வீட்டுக்காரரும் வந்தார். இரண்டு டாக்டர் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். கடிதத்தில் தேதி இல்லை என்று அந்த ஊழியர் ஆரம்பித்தார். அந்த அம்மா அவர் மேஜையிலிருந்த பேனாவையே எடுத்துத் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டு நீட்டினார். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பச் சின்னது. குட்டியைக் கையில் வாங்கும் முன், வளர்ப்பவர் வீட்டிலேயோ அவருடைய டாக்டரிடமோ ஒருமுறை ஸ்கேன் செய்யச் சொல்லி, தாளில் இருக்கும் எண்ணோடு 15 இலக்கத்தையும் ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து ஒத்துப்பாருங்கள். ஒரே ஈத்துக் குட்டிகளின் சிப்கள் பெரும்பாலும் ஒரே பெட்டியிலிருந்து வருவதால் எண்கள் முன்பின்னாகத்தான் இருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். நல்ல மனிதரிடம் வாங்குகிறோம், இதெல்லாம் சந்தேகப்படுவது போல ஆகிவிடுமே என்று கூச்சப்படவே வேண்டாம். அந்த அம்மா இப்போது ஒவ்வொரு குட்டியையும் கொடுக்கும்போது தானே ஸ்கேனரை நீட்டுகிறாராம். சொந்தமாக ஒன்று வாங்கிவிட்டார்.

பச்சைக் கயிறு வீட்டுக்காரர் அலுவலக வாசலில் என் எண்ணை வாங்கிக்கொண்டார். நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். சோபாவின் பஞ்சு கூடம் முழுக்கக் கிடக்கிறது, நடுவில் அந்தக் குட்டி வாலாட்டிக்கொண்டு நிற்கிறது. நான் அதை அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். "நான்தான் சொன்னேனே" என்று பதில் வந்தது. கூடவே, "உங்க பொண்ணுக்கு 16 வார ஊசி வர்ற வியாழன், மறந்துடாதீங்க."