டகாக்கியாவையும் செம்பருத்தியையும் ஒப்பிடப் போய்...

டகாக்கியான்னு ஒரு பாசி (குளத்துப் பாசி இல்ல, மாஸ் வகை). இமயமலை, ஜப்பான், அலாஸ்கா பக்கம்னு எண்ணி சில குளிர் இடங்கள்லதான் இருக்கு, 39 கோடி வருஷம் பழைய வம்சம்னு 2023-ல வந்த ஜீனோம் (முழு மரபணுத் தொகுப்பு) ஆய்வு சொல்லுது. அதையும் செம்பருத்தியையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஒரு சார்ட் போடணும்னு ரொம்ப நாள் ஆசை. டகாக்கியா கைக்கு வராது, வந்தாலும் பிடுங்கறது பாவம், அதனால சுவர்ல கிடந்த சாதா பாசியை டூப்பா வச்சுக்கிட்டேன்.

முதல் நாள் இலைக்கு இலை. பாசி இலை நடு நரம்பை விட்டா ஒரே செல் தடிமன்தான், அப்படியே ஸ்லைடுல வச்சா பச்சைப் பொட்டுங்க எண்ணலாம் போல தெரியுது. செம்பருத்தி இலையை பிளேடால சீவி சீவி விரல் போனதுதான் மிச்சம். ரெண்டையும் மூணு நாள் காய வச்சு தண்ணி தெளிச்சேன், பாசி ரெண்டு நிமிஷத்துல விரிஞ்சு பச்சையாயிடுச்சு, செம்பருத்தி சருகு சருகாவே கிடந்துச்சு.

சார்ட் எழுத உட்கார்ந்தப்பதான் மொத்தமும் தப்புன்னு உறைச்சுது. செடிகள்ல ரெண்டு தலைமுறை மாறி மாறி வரும், ஒண்ணுக்கு ஒரு செட் குரோமோசோம், இன்னொண்ணுக்கு ரெண்டு செட். பாசியில நாம பார்க்கிற பச்சை உடம்பு ஒரு செட் தலைமுறைதான், டகாக்கியாவுல ஒரு இனத்துக்கு வெறும் நாலு! செம்பருத்தியில அந்த ஒரு செட் தலைமுறை மகரந்தத்துக்குள்ளயும் சூலுக்குள்ளயும் ஒளிஞ்சிருக்கு. அப்ப முழுப் பாசிச் செடிக்கு ஜோடி ஒரு மகரந்தத் தூள், முழு செம்பருத்திப் புதருக்கு ஜோடி பாசி மேல நிக்கிற அந்தப் பொடிக் காம்பும் வித்துப் பையும்! தலை சுத்துச்சு, நிஜமா.

டகாக்கியாவுல இந்தக் காம்பு ரொம்ப காலம் யார் கண்ணுலயும் படல, 1958-ல பேர் வச்சப்போ லிவர்வொர்ட்னே (பாசிக்குச் சொந்தமான வேற ஒரு சின்னச் செடி வகை) நினைச்சாங்க, 1990-கள்ல காம்பு கிடைச்ச பிறகுதான் பாசின்னு முடிவாச்சு. அப்ப நான் குழம்பினதுல தப்பில்ல.

சார்ட்டை கிழிச்சுட்டு மகரந்தத்தைப் பார்த்தேன், உருண்டையா சுத்தியும் முள்ளு, அவ்வளவு அழகு. குழல் முளைக்குதான்னு பார்க்க சர்க்கரைத் தண்ணியில போட்டேன், பாதி வெடிச்சிடுச்சு, மீதி சும்மா இருக்கு. நாளைக்கு சர்க்கரையை இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கணும்.