600 பர்ஸ் விற்ற மாதத்தின் கணக்கு

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினோரு வருடம் கட்டிங் பிரிவில் இருந்துவிட்டு, சொந்தமாகத் தோல் பர்ஸ் தைத்து விற்க இறங்கியவன் நான். வாடகைக்கு ஒரு கூடம், இரண்டு தையல் மெஷின், மூன்று ஆட்கள். கம்பெனிகளில் மீந்துபோகும் தோலை லாட்டாக எடுப்பேன். சரக்கை மூட்டை கட்டிக்கொண்டு காலையில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்தால், சென்ட்ரலில் இறங்கி நடக்கிற தூரத்தில் பெரியமேடு. மொத்தக் கடைகள் அங்கேதான்.

போன வருடம் ஒரு மாதத்தில் 600 பர்ஸ் போயிற்று. ஒன்று 260 வீதம் 1,56,000 ரூபாய். வீட்டில் பாயசம் வைத்தோம். அதே மாதக் கடைசியில் மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு மச்சானிடம் கைமாற்று வாங்கினேன். இவ்வளவு விற்றும் கையில் ஏன் காசு இல்லை என்று எனக்கே புரியவில்லை.

என் மனக்கணக்கு இதுதான்: பர்ஸுக்கு ஒரு அடி (சதுர அடிதான்) தோல் 70, லைனிங், நூல், பசை எல்லாம் 20, டப்பா 12, கூலி 60. ஆக 162. விற்பது 260, மிச்சம் 98. 600 பர்ஸுக்கு 58,800 லாபம். அந்தப் பணம் எங்கே?

எங்கள் தெருவில் தோல் மண்டியில் முப்பது வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற பாய் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனேன். என் நோட்டைப் புரட்டியவர் ஒரு வரியில் விரலை வைத்தார். "தம்பி, இது என்ன, ஞாயித்துக்கிழம பிரியாணி 480?"

"வீட்டுக்கு வாங்கினது பாய்."

"அப்ப கடை நோட்டுல அதுக்கு என்ன வேலை?"

முதல் வேலையாக வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரிக்கச் சொன்னார். வங்கியில் தனிக் கணக்கு, தனி நோட்டு. வீட்டுக்கு எடுத்தால் 'எடுப்பு' என்று தனியாக எழுத வேண்டும், அது செலவில் சேராது. பிறகு ஒரு மாதம் எதையும் மாற்றாமல், நடப்பதை மட்டும் அன்றன்றைக்கு எழுதிக்கொண்டு வரச் சொன்னார். டீக்காசு உட்பட. எனக்கு இதுதான் மிகவும் கஷ்டமாக இருந்தது. இரவு ஒன்பது மணிக்குக் கூடத்தைப் பூட்டும்போது நோட்டைத் திறக்க யாருக்கு மனசு வரும்? அந்த மாதமும் தற்செயலாகச் சரியாக 600தான் விற்றது.

தோல் கணக்கில்தான் முதல் அடி விழுந்தது. "எவ்வளவு வாங்கினேன்னு சொல்லாத, எவ்வளவு தின்னுச்சுன்னு சொல்லு" என்றார் பாய். மாதம் பிறந்தபோது இருப்பு 140 அடி. வாங்கியது 900. கடைசி நாளில் அளந்தால் 230 அடி மீதி. ஆக, செலவானது 810. அறுநூறால் வகுத்தால் பர்ஸுக்கு 1.35 அடி, 94.50 ரூபாய். நான் ஒரு அடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்! லாட்டுத் தோலில் தழும்பும் ஓட்டையும் இருக்கும், வயிற்றுப் பக்கம் தளர்ந்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டுத்தான் வெட்ட முடியும். பதினோரு வருடம் கட்டிங்கில் இருந்தவனுக்கே இது தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். தெரியும். கையில் தெரிந்தது கணக்கில் ஏறவில்லை, அவ்வளவுதான்.

மற்றவையும் கொஞ்சம் கொஞ்சம் கூடியிருந்தன. லைனிங் வகை 22, டப்பா 14, கூலி 65. மொத்தம் 195.50. மிச்சம் 98 இல்லை, 64.50. அறுநூறுக்கு 38,700.

அதிலிருந்து போவதுதான் பாய் பாஷையில் 'உட்கார்ந்து தின்னும் செலவு'. ஒரு பர்ஸ்கூட விற்காவிட்டாலும் தின்னும். வாடகை 9,000, கரண்ட் 2,800, ரயில், பார்சல், போன் 3,900. கரண்டும் பார்சலும் வேலைக்குத் தகுந்தபடி கொஞ்சம் ஏறி இறங்கும்தான், ஆனால் அந்த அளவு நுணுக்கம் உனக்கு இப்போது வேண்டாம் என்றுவிட்டார்.

வங்கித் தவணை 6,500 என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 2,000 என்று எழுதினார். வட்டி 2,000 மட்டும்தான் செலவு, மீதி 4,500 அசல். வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது செலவாகாது. சரி, செலவு குறைந்ததே என்று சந்தோஷப்படுவதற்குள் அடுத்த வரியில் 'மெஷின் தேய்மானம் 1,000' என்று ஏற்றினார். 60,000 ரூபாய் மெஷின்கள் ஐந்து வருடம் உழைத்தால் மாதம் ஆயிரம் தேய்கிறது. புது மெஷின் வாங்கும்போது அந்தப் பணம் வானத்திலிருந்தா விழும்?

எல்லாம் சேர்த்து 18,700. மிச்சம் 20,000.

"கம்பெனியில கடைசியா என்ன சம்பளம்?"

"22,000 பாய்."

அவர் வேறு எதுவும் சொல்லவில்லை. என் சம்பளத்தை எழுதினால் தொழில் மாதம் 2,000 நஷ்டத்தில் ஓடியது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கையில் காசு இல்லாததற்குக் காரணம் தனி. கடைகளிலிருந்து பழைய பாக்கியும் சேர்த்து அந்த மாதம் வந்தது 1,32,000. தோல், சாமான், கூலி, வாடகை, தவணை என்று போனது 1,45,800. தோலுக்கு ரொக்கம் கொடுக்கிறேன், பர்ஸைக் கடனுக்குப் போடுகிறேன். 600 விற்றாலும் 800 விற்றாலும் இப்படித்தான் இருக்கும். 800 விற்றால் இன்னும் இறுக்கும்.

பிறகு செய்தவை. ஆளுக்கு ஆள் கத்தியால் வெட்டுவதை நிறுத்திவிட்டு டை, அதாவது வெட்டும் அச்சு, அடித்து, துண்டுகளை நெருக்கிப் போட்டு வெட்டினோம். உள் அறைகளுக்குத் தளர்ந்த தோல், வெளிப்பக்கத்துக்கு நல்ல தோல். பர்ஸுக்கு 1.2 அடிக்கு இறங்கியது, அதாவது 84 ரூபாய். விலையை 275 ஆக்கினேன். மூன்று நாள் தூக்கமில்லாமல் எடுத்த முடிவு. ஒரு கடைக்காரர் அன்றோடு எடுப்பதை நிறுத்திவிட்டார். மற்றவர்கள் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் செய்தேன். ஆன்லைனில் இலவசம். எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளைக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம். ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் அதை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இதைச் சொல்லிச் சண்டை போடவில்லை. சான்றிதழ் நகலை பில்லோடு பின் பண்ணிக் கொடுத்தேன். ஒரு கடையின் ஆடிட்டர் பார்த்திருக்க வேண்டும், மார்ச் மாதம் பாக்கி முழுதும் வந்துவிட்டது. இன்னொரு கடை இன்னும் இழுக்கிறது. அவருக்குச் சரக்கைக் குறைத்துவிட்டேன்.

ஜிஎஸ்டி பற்றிக் கேட்பீர்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் சரக்கு விற்பவருக்கு வருட விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். அந்த 40 லட்சம் விற்பனையைப் பார்த்து, லாபத்தைப் பார்த்து அல்ல. நான் எல்லைக்குக் கீழே இருக்கிறேன். அதனால் தோலுக்கும் லைனிங்குக்கும் கட்டும் வரி திரும்பி வராது, அதுவும் அடக்கத்தில் சேர்ந்துதான் மேலே சொன்ன விலை.

போன மாதம் 540 பர்ஸ். விற்பனை 1,48,500, பாயசம் வைத்த மாதத்தைவிட 7,500 குறைவு. பர்ஸுக்கு மிச்சம் 90, மொத்தம் 48,600. உட்கார்ந்து தின்பது 18,700 போக 29,900. என் சம்பளம் 22,000 போக 7,900.

நோட்டை மனைவியிடம் காட்டினேன். மதியம் வந்து பசை போடுவதும், தைத்ததைச் சரிபார்த்து டப்பாவில் அடுக்குவதும் அவள்தான். மேலிருந்து கீழே படித்துவிட்டு, "என் பேர் எந்த வரியில இருக்கு?" என்றாள். பென்சிலை எடுத்து என் சம்பளத்துக்குக் கீழே அவளே 6,000 என்று எழுதினாள். இந்த மாத லாபம் 1,900 ரூபாய்.