டார்ச்சை அணைங்க

"டார்ச்சை அணைங்க சார்."

அணைத்தோம். நீலாங்கரை மணலில் நள்ளிரவு, பெசன்ட் நகரை நோக்கி நடை. மெரினாவும் மாலும் பார்த்து அலுத்த கோவை மச்சானை, இந்தத் தடவை மாணவர்களோடு கடலாமை முட்டை தேடிப் போகும் ஆமை நடைக்குக் கூட்டிப்போயிருந்தேன்.

இரண்டு மணி வரை ஒன்றுமில்லை. "சுண்டல்கூட இல்லாத பீச்சுக்கா மாப்ள கூட்டிட்டு வந்த?"

அப்புறம் தடம். அலையிலிருந்து மேலேறித் திரும்பிய, டிராக்டர் டயர் போன மாதிரி ஒன்று. ஆமை போய்விட்டிருந்தது.

ஒரு மாணவர் குச்சியால் மெல்லக் குத்திப் பார்த்தார். மண் இளகிய இடத்தில் தோண்டினார், தோள் வரை கை உள்ளே போயிற்று. பிங்பாங் பந்து போல வெள்ளை முட்டைகள், தொட்டால் லேசாகக் குழிகிறது. எண்ணி முடித்தபோது 112. காப்பகத்தில் புதைத்தால் குஞ்சு வெளிவர 45 நாளுக்கு மேல் ஆகுமாம்.

1988-லிருந்து மாணவர்கள் செய்யும் வேலை இது. குஞ்சுகள் வெளிச்சம் பார்த்துத்தான் கடலுக்குப் போகும். நம்மூரில் கடலைவிட ரோடுதான் பளிச்சென்று இருக்கிறது, அதுகள் என்ன செய்யும் பாவம்.

காலையில் மச்சான் காபியோடு காலண்டர் முன்னால் நிற்கிறார். விரல் விட்டு 45 நாள் எண்ணுகிறார்.