கேட்ஸ் பாஸைத் தாண்டினால் குட்டைகள்

2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றுக்கு முதல்முறையாகத் தண்ணீர்ப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அன்று மாலையே கடைக்குப் போய் எட்டு கேன் குடிநீர் வாங்கி வந்து கராஜில் அடுக்கிவிட்டேன். அந்த ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊர்களில் ஒன்றான, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டூசானுக்குக் குடிவந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வருடத்துக்குப் பன்னிரண்டு அங்குல மழையைக்கூட நம்ப முடியாத ஊர். சாண்டா குரூஸ் ஆறு என்று பலகை வைத்த பாலத்திலிருந்து எட்டிப் பார்த்தால் பெரும்பாலும் மணல்தான். பயம் வராதா?

2022 ஜனவரியிலிருந்து அரிசோனாவுக்கு 5,12,000 ஏக்கர் அடி வெட்டு. மாநிலத்தின் பங்கில் கிட்டத்தட்ட 18 சதவீதம். ஓர் ஏக்கர் அடி என்பது சுமார் 12.3 லட்சம் லிட்டர், நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். ஜனவரியும் வந்தது. குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்போதும் போலவே வந்தது. வெட்டின் பெரும் சுமை பக்கத்து மாவட்டமான பினால் கவுண்ட்டி விவசாயிகள் மேல் விழுந்திருந்தது.

கேன்களைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்தார். எழுபதைத் தாண்டியவர், இந்த ஊரிலேயே வளர்ந்தவர். "காபி நிறத்தில் தண்ணீர் வந்ததையே பார்த்தவள் நான்" என்றார். நான் நம்பவில்லை. அப்புறம் தேடிப் படித்தேன், அவ்வளவும் உண்மை.

அதுவரை கிணற்று நீரையே நம்பியிருந்த டூசானுக்கு 1992 நவம்பரில் கொலராடோ தண்ணீர் வந்து சேர்ந்தது. கொலராடோ ஆற்றின் ஹவாசு ஏரியில் தொடங்கும் கால்வாய், 336 மைல் தூரம் வந்து இந்த ஊருக்குத் தெற்கே முடிகிறது. வழியில் ஏறக்குறைய 2,900 அடி மேலேற்றுகிறார்கள். (அரிசோனாவில் மின்சாரத்தை அதிகம் குடிப்பதே இந்தக் கால்வாய்தான் என்பார்கள்.) இத்தனை பாடுபட்டு வந்த நீரைச் சுத்திகரித்து நேரே குழாயில் விட்டார்கள். அதன் வேதித்தன்மை கிணற்று நீரினுடையது போல இல்லை. பழைய இரும்புக் குழாய்களுக்குள் பல வருடமாகப் படிந்திருந்த துரு பெயர்ந்து வீட்டுக்குள் வந்தது. வெள்ளைத் துணி பழுப்பாயிற்று, ஹீட்டர்கள் பாழாயின. பக்கத்து வீட்டு அம்மாள் மகளுடைய கல்யாணத்துக்கு வாங்கிய மேசை விரிப்பைத் துவைத்துக் கெடுத்த கதையை இன்றும் கோபத்தோடுதான் சொல்கிறார். 1994-ல் அந்த நீரை நிறுத்தினார்கள். அடுத்த வருடம் மக்கள் வாக்களித்து, அதை நேரடியாக வீட்டுக்கு அனுப்பவே தடை போட்டார்கள்.

தண்ணீர் கைக்கு எட்டிவிட்டது, வாய்க்கு எட்டவில்லை. அப்போது எடுத்த வழிதான் எனக்கு ஆச்சரியம்.

ஒரு சனிக்கிழமை கேட்ஸ் பாஸ் மலைப்பாதை வழியாக ஆவ்ரா பள்ளத்தாக்குக்குப் போனேன். 1970-களில் நகரம் அங்கே பருத்தி வயல்களை நிலத்தடி நீர் உரிமைக்காக வாங்கிப் போட்டிருந்தது. பிறகு அந்தப் பக்கமே பெரிய பெரிய குட்டைகள் வெட்டி, கால்வாய் நீரை அவற்றில் விட்டார்கள். அது மண்ணுக்குள் இறங்கி அங்கிருக்கும் நிலத்தடி நீரோடு கலக்கும். கலந்ததைக் கிணறு போட்டு மேலே எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள். 2001-லிருந்து இந்தக் கலவைதான் வருகிறது. வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. கள்ளிக்காட்டுக்கு நடுவே கொஞ்சம் நீலம், மேலே சில பறவைகள், அவ்வளவுதான்.

விஷயம் என்னவென்றால், நகரம் கால்வாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 1,44,000 ஏக்கர் அடி வாங்கலாம். ஊரின் தண்ணீர்ச் செலவு அதைவிடக் குறைவு. மிச்சத்தையும் வருடக்கணக்காக மண்ணுக்குள் இறக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். 2022-ல் என் குழாய் அசையாமல் ஓடியதற்கு இதுவும் ஒரு காரணம். துருப்பிடித்த தண்ணீர் வந்திராவிட்டால் இப்படி ஊறவைத்திருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான்.

பூங்காக்களுக்கும் கோல்ஃப் மைதானங்களுக்கும் 1984-லிருந்தே சுத்திகரித்த கழிவுநீர் போகிறது. அது நல்ல ஏற்பாடு, ஆனால் பாலைவனத்தில் கோல்ஃப் எதற்கு என்று கேட்டால் இங்கே யாரும் பதில் சொல்வதில்லை.

நானும் தொட்டி வைத்தேன். மழைநீர் சேமிக்க நகரம் 2,000 டாலர் வரை திருப்பித் தரும், முதலில் ஒரு வகுப்பில் உட்கார வேண்டும். 1,300 காலன் தொட்டி. பொருத்த வந்தவர் வழிந்தோடும் குழாயைப் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்து வைத்துவிட்டுப் போனார். முதல் கோடை மழையில் அம்மாள் வீட்டு ரோஜாச்செடி மூழ்கியது. நல்லவேளை, மேசை விரிப்பு இல்லை.

கவலை முழுதாகப் போய்விடவில்லை. கால்வாயைக் கட்ட 1968-ல் அனுமதி வாங்கும்போதே, தட்டுப்பாடு வந்தால் கலிஃபோர்னியாவுக்குப் பிறகுதான் இந்தக் கால்வாய்க்கு என்று அரிசோனா ஒப்புக்கொண்டிருந்தது. 2007-ல் போட்ட கொலராடோ நீர்ப் பங்கீட்டு விதிகளும் 2026 முடியும் வரைதான். கராஜில் இன்னும் இரண்டு கேன் இருக்கிறது. தேதி தாண்டிவிட்டது, செடிக்கு ஊற்றலாம் என்று எடுக்கப் போவேன், எடுக்காமல் திரும்பி வந்துவிடுவேன்.