நெடுந்தீவுக்குப் படகில்

யாழ்ப்பாண மாவட்டத்துக் குறிகட்டுவான் இறங்குதுறையில் படகு நிறைந்துவிட்டது: காஸ் சிலிண்டர், சீமெந்து மூட்டை, நடுவில் தீவில் படிப்பிக்கும் ஆசிரியைகள். வெக்கை தாங்காமல் மேல்தட்டுக்கு ஏறினேன். "தம்பி, கம்பியை விடாதே" என்றார் மாமி. ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம்; நயினாதீவுக் கோபுரம் மறைந்த பிறகு நல்ல அலை.

1985 மே 15 அன்று இந்தக் கடலில்தான் குமுதினிப் படகில் சென்றவர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இவ்வழியே போகும் எவரும் அதை அறிந்திருக்க வேண்டும்.

தீவில் மட்டக்குதிரைகளும் பெருக்குமரமும் (பாவோபாப்) உண்டு. என்னை நிறுத்தியவை மதில்கள். சாந்தே இல்லாமல் பவளக்கற்களை அடுக்கியிருக்கிறார்கள். இடுக்குகளால் காற்றுப் புகுந்து போகிறது, மதில் அசைவதில்லை. அடுக்கிய கைகளை வணங்கத் தோன்றியது. பிற்பகல் படகுக்கு மாமி அவசரப்படுத்தினார். இன்னும் ஒரு ஒழுங்கை முழுவதும் பார்க்க இருந்தது.