கர்ணனின் குருதியும் எங்கள் வானொலி நாடகமும்

எங்கள் பாடசாலை நினைவுகளில் எதை எழுதுவதென்று பழைய மாணவர் சங்கத்தினர் கேட்டபோது, 1978ஆம் ஆண்டு உயர்தர வகுப்பில் எமது தமிழாசிரியர் ஒரு தவணை முழுவதும் ஒரேயொரு காட்சியை வைத்துக்கொண்டு நடத்திய பாடமே முதலில் நினைவுக்கு வந்தது. கர்ணன் களத்தில் சாயும் காட்சி அது. பரீட்சைக்குத் தேவையற்ற பாடம் என்று அன்று சிலர் குறைபட்டனர். எனக்கோ கதை கேட்கவும் பார்க்கவும் கற்றுத் தந்தது அதுவே.

முதலில் வில்லிபுத்தூரார் பாரதத்தில் அப்பகுதியைப் பல நாட்கள் வாசித்தோம். கண்ணன் முதிய வேதியனாக வந்து கர்ணன் செய்த புண்ணியம் அனைத்தையும் தானமாகக் கேட்பதும், தாரை வார்க்க நீரில்லாத கர்ணன் தன் மார்பில் தைத்த அம்பினூடே வழியும் குருதியையே நீராக வார்த்துக் கொடுப்பதும் அங்குள்ளன. வியாசர் பாரதத்தில் இந்த இரப்பு இல்லை என்று ஆசிரியர் சொன்னபோது வகுப்பே வியந்தது. உயிர் உள்ளே நிற்கிறதோ வெளியே போய்விட்டதோ தெரியவில்லை என்று கர்ணன் தன் நிலையைத் தானே சொல்லும் பாட்டை அவர் மெல்லப் படித்துக் காட்டி, சாகிறவனின் உள்ளே நம்மை நிறுத்த ஏட்டுக்கு நான்கு அடிகள் போதும் என்றார்.

அதன்பின் அயற்கிராமத்தில் கூத்து ஆடும் களரிக்கு ஆசிரியர் எங்களை அழைத்துச் சென்றார். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' ஆகிய கூத்துகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய காலத்தில் அங்கு பயின்றவர் அவர். ஈழத்து நாட்டுக்கூத்து வகைகளில் ஒன்றான, விடிய விடிய ஆடும் வடமோடிக் கூத்து, முன்புறம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருங்கியபோது எது போயிற்று, எது வந்தது என்பதைக் கண்ணால் கண்டவராதலால், முதலில் வட்டக்களரியிலேயே பார்க்க வேண்டுமென்று பிடிவாதமாக இருந்தார். அன்றிரவு கர்ணன் தளர்ந்த ஆட்டத்தோடு ஓரடியைப் பாட, கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரும் பிற்பாட்டுக்காரரும் அதைத் திருப்பிப் பாட, எனக்கு அருகில் அமர்ந்திருந்த மூதாட்டியும் கூடவே முணுமுணுத்தார். ஏட்டில் ஒருவனுடையதாக இருந்த சொல் களரியில் ஊராருடையதாகிவிட்டது. மத்தளம் ஓய்ந்த கணத்தில் எழுந்த அமைதியை நான் இன்னமும் மறக்கவில்லை.

1964 பொங்கலுக்கு வெளியான பி. ஆர். பந்துலுவின் 'கர்ணன்' திரைப்படம் நகரத்துத் திரையரங்கில் மீண்டும் ஓடியபோது அதற்கும் போனோம். யார் பேசுகிறார், யார் பாடுகிறார் என்பதை மட்டும் கவனிக்கச் சொல்லியிருந்தார் ஆசிரியர். கண்ணதாசன் எழுதி, விசுவநாதன் – ராமமூர்த்தி இசையில் சீர்காழி கோவிந்தராஜன் பாடிய 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' என்ற பாட்டை இக்காட்சியில் கர்ணன் பாடவில்லை, கண்ணன் பாடுகிறான். கர்ணன் தன் துன்பத்தைச் சொல்ல வேண்டிய தேவையே அங்கில்லை; சிவாஜி கணேசனின் முகம் திரையை நிறைத்து நிற்கிறது. ஆகவே பாட்டு கண்ணனின் குற்றவுணர்வாக மாறிவிடுகிறது. ஒரு வடிவம் தனக்கு இயலாததை எதனால் ஈடுசெய்கிறது என்பதையே நாம் தேட வேண்டும் என்று ஆசிரியர் சொல்லி வந்தது அன்றுதான் எனக்கு முழுதாக விளங்கியது.

கடைசியில், இதே காட்சியைப் பதினைந்து நிமிட வானொலி நாடகமாக எழுதப் பணித்தார். நான் கர்ணனைக் கொண்டே, "இதோ, என் குருதி ஆறாகப் பெருகுகிறது" என்று பேச வைத்திருந்தேன். அவர் அதைச் சிவப்பு மையால் வெட்டி, "சாகிறவன் தன் காயத்தை வருணிப்பானா? கேட்பவனுக்குக் கண் இல்லை, அவனுக்குக் கையைக் கொடு" என்று எழுதியிருந்தார். கையைக் கொடுப்பதென்றால் என்னவென்று இரண்டு நாட்கள் விளங்கவில்லை. பின்வாங்கில் இருந்த, அதிகம் பேசாத நண்பன் ஒருவன்தான் வழி கண்டான். அவன் எழுதியதில் கர்ணன் எதுவுமே சொல்வதில்லை. வேதியர் நீர் கேட்கிறார். சிறிது நேரம் காற்றின் ஒலி மட்டும். பிறகு வேதியரின் குரல், "கர்ணா, நீ வார்த்த நீர் சுடுகிறதே" என்கிறது. ஆசிரியர் அதை வகுப்பில் இரண்டு தரம் உரத்து வாசித்தார். மூன்றாம் தரம் வாசிக்க முயன்று முடியாமல் கொப்பியை மூடினார்.

அந்த ஆண்டுத் தமிழ்த்தின விழாவில், மண்டபத்தின் விளக்குகளை அணைத்து, திரைக்குப் பின்னாலிருந்து அந்த நாடகத்தைக் குரலால் மட்டும் நடத்தினோம். வேதியருக்குக் குரல் கொடுத்தவன் நான். எழுதியவனின் பெயரை இங்கு குறிப்பிடாமல் விடுகிறேன். வாசித்தால் அவனுக்கே தெரியும். பச்சை மட்டை போட்ட அந்த எண்பது பக்கக் கொப்பி இடப்பெயர்வுகளில் தப்பி இன்னும் அவனிடமோ வேறு எவரிடமோ இருக்குமானால், அதன் படியொன்றைச் சங்கத்துக்கு அனுப்பி உதவுமாறு மிகப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.